வயதுக்கேற்ற குதிரைத் தீவனம்: லாயத்துக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுத உதவி தேவை

உட்லண்ட்ஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வார இறுதிகளில் தொண்டூழியம் செய்யும் குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சகோதரர்கள் சிலர் வேலை செய்கிறார்கள். தீவன அறைச் சுவரில் இருக்கும் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், அவர்களுக்காக அதைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று மேலாளர் என்னிடம் கேட்டார். எந்தக் குதிரைக்கு எத்தனை குவளை என்ற கணக்குதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த அளவுக்கு என்ன காரணம் என்று ஒரு வரிகூட இல்லை. காரணம் புரிந்தால்தான் ஒருவர் விடுப்பில் போனாலும் இன்னொருவர் சரியாகத் தீவனம் வைப்பார் என்பதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுத விரும்புகிறேன்.

நான் குறிப்பாக நினைப்பது மூன்று குதிரைகளை. 2024 அக்டோபர் 5ஆம் தேதி இங்கே சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் நடந்த பிறகு இங்கு வந்த ஒன்பது வயதுக் குதிரை ஒன்று. அதற்கு விலா எலும்புகள் தெரிகின்றன. பிள்ளைகள் ஏறும் மட்டக்குதிரை ஒன்று. அது நன்றாகக் கொழுத்துவிட்டது, பிடரி மேடு கையால் பிடித்தால் கெட்டியாக இருக்கிறது. மூன்றாவது, இருபத்தாறு வயதான பெண்குதிரை. அது புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே துப்பிவிடுகிறது.

லாயத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அந்தியூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஊரில் கொள்ளும் தவிடும்தானே கொடுக்கிறோம், தேக்காவில் கொள்ளு கிடைக்கிறதே, இங்கு ஏன் கொடுப்பதில்லை என்று அவர் கேட்கிறார். ஊரில் அவருடைய அண்ணன் வளர்க்கும் பெண்குதிரை சினையாக இருக்கிறது என்பதால், குட்டிக்கும் தாய்க்கும் என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும் என்றார்.

பழைய லாயக்காரர்:

வணக்கம் அம்மா. புக்கிட் தீமா பந்தயத் திடலிலும், 1999இல் பந்தயம் கிராஞ்சிக்கு மாறிய பிறகு அங்கும், என் வேலைக்காலம் முழுவதும் குதிரைகளுடன்தான் கழிந்தது. அந்தத் தம்பிகளுக்காக நீங்கள் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

குறிப்பின் முதல் வரியாக, எந்த வயதுக் குதிரைக்கும் புல்தான் சாப்பாடு, தானியம் அதற்குப் பிறகுதான் என்று எழுதுங்கள். வளர்ந்த குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது மிகச் சிறியது. அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த அமிலத்தைத் தணிக்கும் எச்சில், குதிரை மெல்லும்போது மட்டுமே ஊறும். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்று முடிக்க ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ ஓட்ஸ் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே தானியத்தை வாரி வைத்துப் புல்லைக் குறைத்தால், மெல்லும் நேரம் குறைந்து, எச்சில் குறைந்து, வெறும் இரைப்பையில் அமிலம் நிற்கும். பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் அதிகமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தானியத்தில் இருக்கும் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். ஒரே வேளையில் அளவுக்கு மிஞ்சிப் போட்டால், செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்கே நாரைப் புளிக்கவைத்துக் குதிரைக்குச் சக்தி தரும் நுண்ணுயிர்களின் சமநிலையைக் கெடுத்து, அமிலத்தைப் பெருக்கி, வயிற்றுவலியிலோ லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியிலோ கொண்டுபோய் விடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் தம்பிகள் மறக்கக் கூடாது. உள்ளே போனது போனதுதான். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வேளைக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பது பாதுகாப்பான எல்லை. 500 கிலோ குதிரைக்கு அது 500 கிராம், அதாவது ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஓட்ஸ். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒரு வேளையின் அளவைக் கூட்டாதீர்கள்.

அடுத்தது குவளைக் கணக்கு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே குவளையில் ஓட்ஸை நிரப்பினால் வரும் எடை வேறு, மக்காச்சோளத்தை நிரப்பினால் வரும் எடை வேறு; சக்தியைப் பார்த்தால் மக்காச்சோளக் குவளையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். தீவன அறையில் ஒரு தராசு வைக்கச் சொல்லுங்கள். உலர்புல்லுக்கு, பயணப் பெட்டியை எடை பார்க்கும் தொங்கு தராசே போதும். வலைப்பையோடு மாட்டிப் பார்த்துவிடலாம். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்புல் என்பது பொதுக் கணக்கு. 500 கிலோ குதிரைக்கு ஈரம் நீக்கிய எடையில் 10 கிலோ, கட்டிலிருந்து எடுத்து நிறுத்தால் 11 கிலோ. நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் கீழே எந்தக் குதிரைக்கும் மருத்துவர் சொல்லாமல் இறங்கக் கூடாது.

கொள்ளைப் பற்றிச் சொல்கிறேன். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழியே இருக்கிறது. குதிரைக்கு அது அவ்வளவு பிடிக்கும். அதில் புரதம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் உண்டு. ஆனால் பச்சையாகக் கொடுத்தால் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் அதில் இருப்பதால், ஊறவைத்து வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் வேகவைத்த கொள்ளு சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். நாள் முழுவதும் வண்டி இழுத்த குதிரைக்கு அது தேவைப்பட்டது. வாரத்தில் சில மணி நேரம் பிள்ளைகளைச் சுமக்கும் குதிரைக்கு அவ்வளவு புரதம் தேவையில்லை; மிஞ்சியது சிறுநீரில் வெளியேறி, கொட்டடியில் அம்மோனியா நெடியாக ஏறி, குதிரையின் மூச்சைத்தான் கெடுக்கும்.

தவிடு அதைவிட முக்கியமான செய்தி. கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், அரிசித் தவிட்டில் இன்னும் மோசம். குதிரைக்குத் தேவையானது இதற்கு நேர்மாறு. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் சுண்ணாம்பு ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும். தவிட்டை நாள்தோறும் நிறையக் கொடுத்தால், உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவி ஈடுகட்டும். முகத்து எலும்பு மென்மையாகிப் புடைத்துவிடும். அதைப் பெருந்தலை நோய் என்பார்கள். யானைப்புல், கினிப்புல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் உள்ள ஆக்சலேட்டும் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டு இதே கேட்டைச் செய்யும். அப்படிப்பட்ட புல்லை நம்பியிருக்கும் ஊரில், சுண்ணாம்பு மிகுந்த குதிரைமசாலை, அதாவது லூசர்ன் என்ற தீவனப் பயிரை, சேர்த்துக்கொள்வது நல்லது. அந்தியூர்த் தம்பி தம் அண்ணனிடம் இதைத் தவறாமல் சொல்லட்டும்.

கால்நடைச் செவிலி:

ஐயா சொன்ன அடிப்படையை அப்படியே ஏற்கிறேன். நான் விலங்கு மருத்துவமனையில் பணிபுரிகிறேன் என்பதால், உங்கள் மூன்று குதிரைகளைப் பற்றி எழுதுகிறேன் அக்கா. இது உங்கள் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு ஈடாகாது.

முதலில் மூன்றின் எடையையும் எழுதி வையுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையிலான நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். உடல்நிலையை மதிப்பிட, 1983இல் ஹென்னகே என்ற ஆய்வாளர் உருவாக்கிய 1 முதல் 9 வரையிலான அளவுகோல் பல லாயங்களில் பயன்படுகிறது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் மட்டும் தட்டுப்பட்டால் அது 5. கண்ணை மட்டும் நம்பினால், தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினால் தெரிந்துவிடும்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரை மெலிந்திருந்தால் தானியத்தைக் கூட்டத்தான் எல்லாருக்கும் தோன்றும். அதற்கு முன், பல்லையும் குடற்புழுவையும் இரைப்பைப் புண் இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். புண் இருக்கும் குதிரைக்கு ஓட்ஸைக் கூட்டினால் அது மேலும் மெலியும். எப்போதும் வாய்க்கு எட்டும்படி உலர்புல், அதனுடன் நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ குதிரைமசால், ஊறவைத்த பீட் சக்கை (பீட் கிழங்கில் சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் நார்), பிறகு எண்ணெய் என்ற வரிசையில் சக்தியைச் சேர்ப்பதே சிறந்தது. குதிரைமசாலின் சுண்ணாம்பு இரைப்பை அமிலத்தையும் ஓரளவு தணிக்கும். எண்ணெயை 50 மில்லி லிட்டரில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் 250 வரை கொண்டுபோகலாம்; எண்ணெய் சேர்க்கும்போது வைட்டமின் ஈ-யும் சேர்க்க வேண்டும். பசும்புல்லில் நிறைய இருக்கும் அந்த வைட்டமின், புல் காயும்போதே பெரும்பகுதி போய்விடுகிறது. மேய்ச்சல் நிலம் அரிதான சிங்கப்பூரில், கப்பலில் வரும் உலர்புல்லை நம்பி வாழும் குதிரை எந்த வயதானாலும் இதைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். எந்த மாற்றத்தையும் 10 முதல் 14 நாள்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். புதிய உணவுக்குப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு காலம் வேண்டும்.

மட்டக்குதிரையின் கெட்டியான பிடரி மேடு என்னைக் கவலைப்பட வைக்கிறது. குளம்பு அழற்சிக்கு முன் வரும் அறிகுறிகளில் அது ஒன்று. அதற்குத் தானியம், மொலாசஸ் எனப்படும் சர்க்கரைப் பாகு கலந்த தீவனம், கேரட், ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்புல்லைச் சிறு கண்ணி வலையில் வைத்து, நெடுநேரம் தின்னும்படி செய்யுங்கள். தாது உப்பும் வைட்டமினும் மட்டும் உள்ள சமன் தீவனத்தைச் சிறிதளவு கொடுங்கள். விரைவில் மெலிய வேண்டும் என்று பட்டினி போடுவது பேராபத்து. கொழுத்த மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் பெருகி, ஈரலைக் கெடுத்து, உயிருக்கே ஆபத்தாக முடியும்.

வயதான பெண்குதிரை துப்பும் உருண்டைகளில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நார் நீளம் குறையாமல் எச்சிலில் நனைந்து மட்டும் இருந்தால், கடைவாய்ப் பற்கள் அரைப்பதை நிறுத்திவிட்டன என்று பொருள். குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லி மீட்டர் வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். முதுமையில் அந்த இருப்பு தீர்ந்துபோகும். ஆண்டுக்கு இரண்டு முறை பல் பரிசோதனை தேவை. மெல்ல முடியாத குதிரைக்கு, உலர்புல்லை அழுத்திச் செய்த கட்டிகளையும், முதிய குதிரைகளுக்கான தீவனத்தையும், பீட் சக்கையையும் கூழாக ஊறவைத்து, நாளில் நான்கைந்து முறை கொடுக்கலாம். புல் முழுவதற்கும் ஈடாகவே கொடுக்கலாம். ஊறாத கட்டி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முதுமையில் தசை கரைவதால் நல்ல தரமான புரதம் தேவைப்படும். ஆனால் மயிர் நீண்டு சுருண்டு, உதிராமல் இருந்தால், இரத்தப் பரிசோதனை செய்து குஷிங் நோய் எனப்படும் ஹார்மோன் கோளாறு இல்லை என்று உறுதிசெய்த பிறகே இனிப்போ மாவுச்சத்தோ உள்ள எதையும் கொடுங்கள்.

தண்ணீரும் உப்பும் இங்கே தீவனத்துக்கு நிகரானவை. நிழலில் நிற்கும் குதிரையே நாளுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். வெயிலில் வேலை செய்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் போகலாம். கடும் உழைப்பில் மணிக்கு 10 லிட்டருக்கும் மேல் வியர்வை போகும், அதில் சோடியமும் குளோரைடும் நிறைய. புல்லில் சோடியம் மிகக் குறைவு என்பதால், 500 கிலோ குதிரைக்கு வேலை இல்லாத நாளிலும் 25 முதல் 30 கிராம் சமையல் உப்பைத் தீவனத்தில் கலக்க வேண்டும். நக்கும் உப்புக்கட்டியை மட்டும் நம்ப வேண்டாம். சில குதிரைகள் அதைத் தொடுவதே இல்லை. வியர்க்க வேண்டிய நேரத்தில் வியர்க்காமல் மூச்சு வாங்கினால், உப்பைக் கூட்டிப் பார்க்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். வியர்வை நின்றுபோகும் நோய் நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில்தான் அதிகம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகளைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் குதிரை லாயத்துக்குள் வரவே கூடாது. அவற்றில் சிலவற்றில் கலக்கப்படும் மொனென்சின் என்ற மருந்து, கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். வீவக அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்குகளைச் சுற்றி இயந்திரத்தால் வெட்டிக் குவிக்கப்படும் புல்லையும் அன்பினால் யாரும் கொண்டுவந்து போட வேண்டாம். பொடியாக நறுங்கிய ஈரப்புல் குவியலிலேயே புளித்து, குதிரையின் வயிற்றில் உப்பிவிடும்.

தென்திசைக்காற்று:

நான் சிங்கப்பூரில் பிறந்து, இப்போது ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் குதிரைப் பண்ணை ஒன்றில் பணியாற்றுகிறேன். அந்தியூர்க்காரருடைய அண்ணனுக்காகச் சினைக்குதிரையையும் குட்டியையும் பற்றி எழுதுகிறேன்.

சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். முதல் ஏழு மாதங்களில் தாய்க்குக் கூடுதல் தீவனம் பெரிதாகத் தேவையில்லை. நல்ல புல்லும் தாது உப்பும் போதும். குட்டியின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று நான்கு மாதங்களில்தான் ஏறுகிறது. தாமிரச் சத்தைக் குட்டி அந்தக் காலத்தில்தான் தன் ஈரலில் சேமித்துக்கொள்கிறது, ஏனென்றால் தாய்ப்பாலில் தாமிரம் மிகக் குறைவு. ஆகவே கடைசி மாதங்களில் தாய்க்குத் தரமான புரதமும் தாமிரமும் துத்தநாகமும் கிடைக்க வேண்டும்.

குட்டி பிறந்தவுடன் சீம்பால். முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அது குடித்துவிட வேண்டும். நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களைக் குட்டியின் குடல் ஏறத்தாழ 24 மணி நேரம்தான் உள்வாங்கும், அதிலும் ஒவ்வொரு மணியும் திறன் குறைந்துகொண்டே போகும். குட்டி எழுந்து நின்று முலையைத் தேடிக் காலிடுக்கிலும் மார்பிலும் முட்டிக்கொண்டிருந்தால், குடிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். தொண்டை அசைகிறதா, நாக்கு முலையைச் சுற்றிக் குவிகிறதா என்று குனிந்து பாருங்கள். முதல் வாரங்களில் குட்டி தாயின் சாணத்தைத் தின்பதைக் கண்டு விரட்ட வேண்டாம். தன் குடலுக்குத் தேவையான நுண்ணுயிர்களை அது அப்படித்தான் பெற்றுக்கொள்கிறது.

பால் கொடுக்கும் முதல் மாதத்தில், 500 கிலோ தாய்க்குத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. 2007இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அட்டவணையில், சும்மா நிற்கும் குதிரைக்கு நாளுக்கு 16.7 மெகா கலோரி என்றால் பால் கொடுக்கும் தாய்க்கு 31.7, சுண்ணாம்பு 20 கிராமிலிருந்து 59 கிராமாக உயர்கிறது. தவிடும் கொள்ளும் கொடுத்து இந்தச் சுண்ணாம்பைத் தர இயலாது. குதிரைமசால் இங்கேதான் கைகொடுக்கும்.

நான்கு முதல் ஆறு மாதத்தில் பால் மறக்கச் செய்வோம். அதற்கு முன்பே குட்டிக்குத் தனியாகச் சிறிது தீவனம் பழக்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் வளர்ந்த எடையில் நூற்றுக்கு 43 பங்கையும், ஓராண்டில் 64 பங்கையும் குட்டி எட்டிவிடும். இந்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்து மேலும் தானியம் போடுபவர்கள்தான் அதிகம். என் கருத்தில் இளங்குதிரைக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு அதுதான். எடை ஏறும் வேகத்துக்கு எலும்பும் குருத்தெலும்பும் ஈடுகொடுக்காமல் மூட்டு வீங்கும், கால் கோணும். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படும்படி, ஒரே சீராக வளரும் குட்டியே நல்ல குட்டி. இரண்டு வயதுக்குப் பிறகு அவசரம் குறைந்துவிடும். ஐந்து வயது முதல் முதுமை தொடங்கும் வரை, ஐயா சொன்ன கணக்கும் செய்யும் வேலைக்கேற்ற சிறு திருத்தங்களும் போதும்.

உட்லண்ட்ஸ்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேலாளர் இன்று காலையே தராசு வாங்கச் சம்மதித்துவிட்டார். இரண்டு சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. புகைமூட்டத்தாலோ இடி மின்னலாலோ சவாரி ரத்தாகும் நாள்களில் அதே தீவனம்தானா? மட்டக்குதிரையின் உலர்புல்லை நீரில் ஊறவைத்தால் சர்க்கரை குறையும் என்று ஒரு தம்பி சொன்னார், இரவே ஊறவைத்துவிடலாமா?

பழைய லாயக்காரர்:

சவாரி இல்லாத நாளில் தானியத்தைப் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ குறைத்து, அந்த இடத்தைப் புல்லால் நிரப்புங்கள் அம்மா. முழுத் தானியம் தின்று கொட்டடியில் நின்ற குதிரையை மறுநாள் வேலைக்கு இறக்கினால், பின்தொடைத் தசை கல்லாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்படிப் போனால் ஓர் அடிகூட நடக்க வைக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரவு முழுவதும் ஊறவைப்பது குளிர்நாட்டு வழக்கம். நம் வெப்பத்தில் அந்த நீர் விடிவதற்குள் புளித்து நாறும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டு, உடனே கொடுங்கள். சர்க்கரையுடன் சில தாது உப்புகளும் கரைந்து போவதால், செவிலித் தங்கை சொன்ன சமன் தீவனத்தை விட்டுவிட வேண்டாம்.

உலர்புல் கட்டை அவிழ்த்ததும் நடுவில் கையை நுழைத்துப் பார்க்கத் தம்பிகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தாலோ, ஒரு பிடியை உதறினால் வெண்தூள் பறந்தாலோ, ஈரச்சுவர் வாடை அடித்தாலோ, பூஞ்சை பிடித்திருக்கிறது. அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். நல்ல பகுதியைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். கட்டுகளைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், மரப்பலகை மேல் காற்று போகும்படி அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள். அவிழ்த்த தீவன மூட்டையை மூடியுள்ள தொட்டியில் கொட்டி, அவிழ்த்த தேதியை மூடியிலேயே எழுதி வையுங்கள்.